எத்தனை பர்சன்ட்?

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் வாசலில் 108 வண்டி வந்து நிற்கிறது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். நைலான் சேலை உருகி இடுப்போடு ஒட்டியிருக்கிறது, புருவம் பொசுங்கியிருக்கிறது. ஆனால் அவர் அழவில்லை. பெயர் கேட்டால் பெயர் சொல்கிறார், ஊர் சொல்கிறார். "புள்ளைங்களைப் பக்கத்து வீட்ல விட்டிருக்கு, யாராச்சும் போய்ப் பாருங்க" என்கிறார். அடிக்கடி தண்ணீர் கேட்கிறார். கூட வந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? டூட்டி டாக்டரைப் பார்த்ததும் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பர்சன்ட் சார்?"

தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்கள் அந்தத் தெளிவை நம்புவதில்லை. தோல் அதன் முழு ஆழத்துக்கும் வெந்த இடத்தில் வலியை உணரும் நரம்பு முனைகளும் வெந்துபோகின்றன. சுற்றிலும் ஓரங்கள் எரியும், நடுவில் உணர்வே இருக்காது. மூளைக்கு அடி எதுவும் இல்லாததால் பேச்சும் நினைவும் முதல் சில மணி நேரம் அப்படியே இருக்கும். அதே நேரத்தில் உள்ளே ரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. அவர் ஓயாமல் தண்ணீர் கேட்பது அதனால்தான். மாலைக்குள் முகம் வீங்கும், குரல் அடைக்கும், ரத்த அழுத்தம் சரியும்.

உறவினர்கள் கேட்கும் அந்தச் சதவீதம் முக்கியமானதுதான். ஆனால் அதைத் தலையெழுத்தாகக் கருதும் பழக்கம் உயிர்களைப் பறிக்கிறது; சில சமயம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடமும் அது இருக்கிறது. ஒரே அளவு தீக்காயத்தோடு வந்த இருவரில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் இறப்பதும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. சென்ற நூறு ஆண்டுகளில் மருத்துவம் பல பெரும் தீ விபத்துகளின் வழியே கற்றுக்கொண்டதன் சாரம் அது.

சிகிச்சை வீட்டுக் குழாயடியிலேயே தொடங்கிவிடுகிறது. சாம்பார் கொட்டினாலும், பரோட்டாக் கடையில் எண்ணெய் தெறித்தாலும், வெந்த இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். அடுப்பை விட்டு விலகிய பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு தொடர்ந்து ஆழமாக வேகவைத்துக்கொண்டிருக்கும். அதைத் தணிக்கத்தான் இவ்வளவு நேரம். காயம் பட்டு 3 மணி நேரம் வரை இதனால் பலன் உண்டு என்பதால், வீட்டில் செய்யத் தவறியதை மருத்துவமனையிலும் செய்யலாம். துடிக்கும் குழந்தையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு 20 நிமிடம் ஒரு யுகம். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் உதவியாக இருக்கும். மே மாதத்து மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே சுடும். அப்போது அடிபம்பு நீரையோ குடத்து நீரையோ மொண்டு மொண்டு ஊற்றுவது நல்லது. ஐஸ் கட்டி ஆகாது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். பெரிய காயத்தில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உடல் முழுவதும் குளிர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. வெந்த இடத்தைக் குளிர வைத்து, மற்ற இடத்தைப் போர்த்தி வைப்பதே முறை.

நடைமுறையில் அவசரப் பிரிவுக்கு வரும் கைகள் எப்படி வருகின்றன? பேனா மை ஊற்றிய கை, டூத் பேஸ்ட் பூசிய கை, மஞ்சள் அப்பிய கை, இட்லி மாவு காய்ந்து ஓடாகிவிட்ட கை. மாவுக்குள் கையை விட்டால் ஒரு நிமிடம் சில்லென்று இருக்கும் என்பது உண்மை. அந்தச் சுகத்துக்காகத்தான் செய்கிறார்கள், யாரும் கெடுக்க நினைத்துச் செய்வதில்லை. ஆனால் புளித்த மாவு கிருமிகளின் கூடாரம். அதைக் கழுவி எடுக்க நர்ஸ் போராடும் அரைமணி நேரம் அந்தக் குழந்தைக்கு இரண்டாவது தீக்காயம். மை இன்னொரு விதமான கெடுதல் செய்கிறது. காயம் எவ்வளவு ஆழம் என்பதைத் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் கணிக்க வேண்டும். நீலத்துக்குள் எதைப் பார்ப்பது?

நாட்டு வழக்கம் எல்லாமே தப்பு என்றும் சொல்ல முடியாது. வெந்துபோனவரை வாழையிலையில் கிடத்தும் பழைய பழக்கத்துக்கு அறிவியல் ஆதரவு உண்டு. மும்பை சயான் மருத்துவமனையில் மாதுரி கோரே என்ற அறுவை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், கிருமி நீக்கிய வாழையிலையைப் புண்மேல் கட்டாகப் பயன்படுத்திச் சோதித்தார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாததால், கட்டைப் பிரிக்கும்போது வாஸ்லின் துணியைவிட வலி குறைவாக இருந்தது. விலையும் மிகக் குறைவு. வீட்டிலிருந்து கிளம்பும்போது, தண்ணீரில் நன்றாகக் குளிர வைத்த புண்ணைச் சுத்தமான துணியாலோ கழுவிய இலையாலோ தளர்வாக மூடினால் போதும். மேலே எதையும் பூச வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குள் வந்ததும் எல்லாக் கண்களும் புண்ணின் மேல் போகும். தேர்ந்த மருத்துவர் முதலில் பார்ப்பது மூச்சை. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்தது. சுழல் கதவு நெரிசலில் சிக்கிக்கொண்டது, வேறு கதவுகள் பூட்டியிருந்தன. 492 பேர் இறந்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு 114 பேர் கொண்டுவரப்பட்டதில் 75 பேர் வரும்போதே இறந்திருந்தார்கள் அல்லது வந்த சற்று நேரத்தில் இறந்தார்கள். பலருக்குத் தோலில் பெரிய காயமே இல்லை. பிழைத்த 39 பேருக்குச் சிகிச்சை அளித்த ஆலிவர் கோப்பும் பிரான்சிஸ் மூரும் எழுதியவை, புகையால் நுரையீரல் வேகும் என்பதை மருத்துவ உலகுக்கு அழுத்தமாக உணர்த்தின.

இன்று எந்த டூட்டி டாக்டரும் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கிருந்து வந்தவைதான். மூடிய அறைக்குள் எரிந்தாரா? மூக்கு முடி பொசுங்கியிருக்கிறதா? எச்சிலில் கரி வருகிறதா? குரல் கரகரக்கிறதா? கரகரப்பு இருந்தால், நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும், மூச்சுக்குழாயில் டியூப் போட ஏற்பாடு செய்யத் தொடங்க வேண்டும். தொண்டை வீங்குவதற்கு முன் சில நிமிடங்களில் முடியும் வேலை, வீங்கிய பிறகு கழுத்தைக் கீறித்தான் முடியும். சில சமயம் அதற்கும் நேரம் இருக்காது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை இங்கே நம்பக்கூடாது. புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுவைப் பிடித்துக்கொண்டால், கருவிக்கு அதுவும் ஆக்ஸிஜன் போலத்தான் தெரியும். மூளை மூச்சுமுட்டித் தவிக்கும்போது திரை 99 என்று காட்டும். சாதாரணக் காற்றில் அந்த விஷத்தின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அதனால் சந்தேகம் வந்தாலே ஆக்ஸிஜன். ஃபோம் மெத்தை போன்றவை எரிந்தால் சயனைடும் சேர்ந்துகொள்கிறது. பிரேசிலின் சாண்டா மரியா நகரில் 2013 ஜனவரியில் ஓர் இரவு விடுதியின் கூரை ஃபோம் பற்றி எரிந்து 242 இளைஞர்கள் இறந்தபோது, நெருப்பு தொடாதவர்களையும் கொன்றது அந்தப் புகைதான்.

அடுத்து மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கயிறு. சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கையும் காலும் வீங்கத் தொடங்கினால் மெட்டி இறுகி விரலையே சாகடிக்கும். சோப்பு நுரை தடவி, நூல் சுற்றி, முடியாவிட்டால் வெட்டி எடுக்கும் நர்ஸுக்கு, "அதைக் கழட்டாதீங்கம்மா" என்று கெஞ்சும் மாமியாரையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் ஒரு விரலின் விலை.

இப்போது சதவீதத்துக்கு வரலாம். உடல் பரப்பைக் கணக்கிடும் ஒன்பதின் விதி 1951-ல் வாலஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் எழுதிய கட்டுரையால் பரவியது. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்பக்கம் 18, முதுகு 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. மனதில் நிற்கும் அருமையான சூத்திரம். ஆனால் குழந்தைக்கு அதை அப்படியே போட்டால் கணக்கு தப்பும். ஒரு வயதுக் குழந்தையின் தலை மட்டுமே 18 சதவீதம், கால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14. இதற்காகவே வயதுக்கேற்ற படத்தை லண்டும் பிரவுடரும் 1944-ல் வெளியிட்டார்கள், அவர்களும் பாஸ்டன்காரர்கள்தான். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல்: விரல்களோடு சேர்த்து அது ஏறத்தாழ 1 சதவீதம். டாக்டரின் கையை வைத்து அளந்தால் குழந்தைக்குக் கணக்கு தாறுமாறாகும்.

அவசரத்தில் நடக்கும் பொதுவான பிழை, வெறுமனே சிவந்த இடத்தையும் சேர்த்து எண்ணுவது. வெயிலில் காய்ந்தது போலச் சிவந்து, கொப்புளம் இல்லாமல் இருக்கும் தோலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கரி படிந்த இடத்தைத் துடைத்துப் பார்க்காமல் எண்ணுவதும், புரட்டி முதுகைப் பார்க்காமல் விடுவதும் அன்றாடம் நடப்பவை. எண் தப்பினால், அடுத்து ஏறும் டிரிப்ஸும் தப்பும்.

ஏன் டிரிப்ஸ்? 1921-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஒரு திரையரங்கு எரிந்தபோது, பிராங்க் அண்டர்ஹில் என்ற ஆய்வாளர் காயம்பட்டவர்களின் கொப்புள நீரை எடுத்துச் சோதித்து, அது ரத்தத்தின் நீர்ப்பகுதியை ஒத்திருப்பதைக் கண்டார். தீக்காயக்காரரின் உயிர் கொப்புளத்துக்குள் கசிந்து போகிறது என்பது அதன் பொருள். போனதை ஈடுகட்டும் கணக்கை 1968-ல் டல்லஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் சூத்திரமாக்கினார்: உடல் எடை கிலோவில், சதவீதத்தால் பெருக்கி, அதை 4 மில்லிலிட்டரால் பெருக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் என்றால் 9,600 மில்லி ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ். அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில்.

இங்கேதான் கடிகாரம் வருகிறது. அந்த 8 மணி நேரம் தீப்பிடித்த நொடியிலிருந்து எண்ணப்பட வேண்டும். மருத்துவமனை வாசலை மிதித்த நொடியிலிருந்து அல்ல. நண்பகல் 12 மணிக்குத் தீப்பிடித்து, தாலுகா மருத்துவமனையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, 3 மணிக்கு மாவட்டத் தலைநகருக்கு வந்த அதே 60 கிலோக்காரருக்கு, மீதமுள்ள 5 மணி நேரத்தில் 4,800 மில்லி ஏற வேண்டும். மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். வழியில் யாராவது ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் இந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

வழியில் நடக்கும் அந்தச் சின்ன வேலையின் மதிப்பை 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயின் காட்டியது. லாஸ் அல்பாகேஸ் என்ற கடற்கரை முகாம் அருகே எரிவாயு லாரி வெடித்து 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நெருப்பு சாலையை இரண்டாக வெட்டிவிட்டது. வடக்கே இருந்தவர்கள் பார்சிலோனா பக்கம் போனார்கள். வழியிலேயே சிகிச்சை பெற்றார்கள். தெற்கே இருந்தவர்களை வலென்சியாவுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு வேகமாக ஓட்டினார்கள். வழியில் சிகிச்சை இல்லை. இரு பக்கமும் காயத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. முதல் சில நாள்கள் முடிந்தபோது வடக்கே போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். தெற்கே போனவர்களில் பாதிப்பேர்கூட இல்லை. "சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஒவ்வொரு சிறிய மருத்துவமனையும் இந்தச் சாலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீர் அதிகமானாலும் ஆபத்து. சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதில் நுரையீரலிலும் வயிற்றிலும் நீர் தேங்கி இறந்தவர்கள் உண்டு. அதனால் இப்போது பெரியவர்களுக்கு 4-க்குப் பதில் 2 மில்லியில் தொடங்கச் சொல்கிறது அமெரிக்கப் பயிற்சி முறை. கணக்கு தொடக்கத்துக்குத்தான், அதன்பிறகு வழிகாட்டுவது சிறுநீர்ப் பை. பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, குழந்தைக்கு 1 மில்லி வந்தால் போதும். கூடினால் டிரிப்ஸைக் குறை, குறைந்தால் கூட்டு. நள்ளிரவில் ஒவ்வொரு மணிக்கும் பையைப் பார்த்து எழுதும் செவிலியர்தான் இந்தச் சிகிச்சையின் உண்மையான கருவி.

ஆழத்தைக் கணிப்பது கைப்பழக்கம். பிரிட்டனின் பர்மிங்காமில் டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்தார்: நடுவில் செத்துவிட்ட திசு, வெளியே சிவந்து பிழைக்கும் திசு, இடையில் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும் திசு. அந்த நடு வளையம் பிழைப்பதும் சாவதும் நம் கையில். தண்ணீர், போதிய டிரிப்ஸ், கிருமித் தொற்றின்மை இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் நேற்று மேலோட்டமாக இருந்த புண் நாளைக்கு ஆழமாகிவிடும். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்து, ஊசி முனைக்குத் துடிக்கும் தோலுக்கு நம்பிக்கை உண்டு. வெளுத்தோ பழுப்பாகவோ தோல்செருப்பு போல விறைத்து, குத்தினாலும் தெரியாத தோல் தானாக ஆறாது. அப்படிப்பட்ட தோல் மார்பைச் சுற்றிப் பட்டை போட்டால் மூச்சு விட முடியாது. கையைச் சுற்றினால் விரலுக்கு ரத்தம் போகாது. அப்போது ஓடுபோல இறுகிய அந்தத் தோலை நீளவாக்கில் கீறிவிட வேண்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கீறியதும் மார்பு ஏறி இறங்குவதைக் கண்ட இளம் டாக்டர் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்.

ஒரு காலத்தில் இப்படி ஓடுபோல இறுகிய தோலை டாக்டர்களே வரவழைத்தார்கள். கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுவதைப் போல, டானிக் அமிலத்தை ஊற்றி உயிருள்ளவரின் புண்ணைப் பதனிடும் முறை 1925-ல் தொடங்கிப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் கை, முகம் வெந்த விமானிகளுக்கு அது விரல்களை முடக்கியது. கடலில் விழுந்த விமானிகளின் புண்கள் நன்றாக ஆறுவதைக் கவனித்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் உப்புநீர்க் குளியலைக் கொண்டுவந்து அந்த அமிலத்தை எதிர்த்துப் போராடினார். மருந்து என்று நம்பப்பட்டது கெடுதலாக முடிவதற்குப் பேனா மை மட்டுமே உதாரணம் அல்ல.

மின்சாரத்துக்குச் சதவீதமே பொருந்தாது. உள்ளங்கையில் காசு அளவு கறுத்த பொட்டு, பாதத்தில் இன்னொன்று. இடையில் தசையெல்லாம் வெந்திருக்கும். சிறுநீர் கறுப்பு டீ போல வந்தால், செத்த தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டிரிப்ஸைக் கூட்ட வேண்டும், இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமிலம் பட்டால் தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர். ரசாயனம் தூளாக இருந்தால் முதலில் தட்டி உதிர்த்துவிட்டு. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். அமில வீச்சில் காயம்பட்டவருக்கு எந்த மருத்துவமனையும், தனியாரோ அரசோ, இலவசமாக முதல் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது 2013 முதல் நாட்டின் சட்டம்.

இந்தியாவில் இந்த வார்டுகளை நிரப்புபவர்கள் யார்? லான்செட் இதழில் 2009-ல் வந்த ஆய்வு, 2001-ல் மட்டும் நாட்டில் 1,63,000-க்கு மேற்பட்டோர் தீயால் இறந்ததாக மதிப்பிட்டது; காவல் துறைக் கணக்கைப் போல ஆறு மடங்கு. அவர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் பெண்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்ற ஒரே வாக்கியம் எத்தனை கேஸ் ஷீட்டுகளில் எழுதப்பட்டிருக்கும்! பேசிக்கொண்டே வரும் அந்தப் பெண் பேசக்கூடிய நேரம் குறைவு. டியூப் போடுவதற்கு முன், கணவன் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பெண் செவிலியர் அருகில் குனிந்து கேட்க வேண்டிய கேள்வி உண்டு. நீதித்துறை நடுவர் வந்து மரண வாக்குமூலம் பதிவு செய்வதற்காக மூச்சுக்குழாய்ச் சிகிச்சையைத் தாமதிக்கவும் கூடாது. நோயாளி வாக்குமூலம் தரும் மனநிலையில் இருந்தார் என்ற டாக்டரின் சான்று இல்லை என்பதாலேயே வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2002-ல் கூறியிருக்கிறது. அதே சந்தேகக் கண்தான் வெந்நீரில் வெந்து வரும் குழந்தையின் காலையும் பார்க்க வேண்டும். தற்செயலாகக் கொட்டிய வெந்நீர் சிதறும், வழியும். இரு கால்களிலும் காலுறை போட்டது போலக் கோடு விழுந்திருந்தால், யாரோ பிடித்து முக்கியிருக்கலாம்.

முதல் நாள் தாண்டியவருக்கு அடுத்த எதிரி தொற்று. யூகோஸ்லாவியாவின் மாரிபோரில் ஜோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், செத்த தோல் தானாக உரியும்வரை காத்திராமல், சில நாள்களிலேயே மெல்லிய சீவல்களாகச் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டும் முறையை நிலைநாட்டினார். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் நடைமுறையை மாற்றியது. நம் ஊர்களில் இந்த வாய்ப்பு பல நேரம் நழுவுகிறது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற தீக்காயப் பிரிவுகளுக்கு, உள்ளூரில் பல நாள் கட்டுப் போட்டுப் புண் சீழ்பிடித்த பிறகு வருபவர்கள் உண்டு. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு வெந்தவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள், புகை குடித்தவர்கள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரைச் சதவீதம் சிறிதாக இருந்தாலும் முதல் நாளே அனுப்பிவிட வேண்டும்.

அனுப்பும்போது உடன் போகும் சீட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரே வரி: "பர்ன்ஸ் 50 பர்சன்ட், மேல்சிகிச்சைக்கு." நள்ளிரவில் அதை வாங்கும் டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை மணிக்குத் தீப்பிடித்தது, எடை எவ்வளவு, எத்தனை பாட்டில் ஏறியது, எவ்வளவு சிறுநீர் வந்தது, வலிக்கு என்ன ஊசி, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, கிளம்பும்போது குரல் எப்படி இருந்தது? ஒரு பேனாவும் இரண்டு நிமிடமும் இருந்தால் எழுதிவிடலாம். நோயாளியின் அண்ணனோ மாமனோ அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸின் பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, தொங்கும் பாட்டிலிலிருந்து சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்.